சாம்பல் ஊதும் நேரம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், சாப்பிடுகிறோம், சண்டை போடுகிறோம், அதனால் நலம் என்றுதான் எழுத வேண்டும். நீயும் அங்கே நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், நம்பாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. கைபேசி இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். அதற்குச் சார்ஜ் ஏற்ற மருத்துவமனை வாசலில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது, நின்று ஏற்றிக்கொண்டு வந்தாலும் டவருக்குக் கரண்ட் இல்லை என்று பேச்சு பாதியில் அறுந்துபோகிறது. போன தடவை நீ "முதல்ல அப்பாவ" என்று ஆரம்பித்தாய், அதோடு சரி. எதிர்வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மகனைப் பார்க்க உன் ஊர்ப் பக்கம் வருகிறார், அவர் பையில் போட்டு அனுப்புகிறேன். ஒரே மூச்சாக எழுதப்போகிறேன், பிழை எங்கே என்று தேடாதே, எனக்கு இருக்கிற எரிச்சலில் திருத்தி எழுதப் பொறுமை இல்லை.

அப்பாவுக்கு நீ அனுப்பிய செய்தியை அவர் என்னிடம் காட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதும் மறுபடி படிப்பதுமாக இருந்தாரே என்று நானாகத்தான் பிடுங்கிப் பார்த்தேன். அந்த மின் நிலையத்தில் வேலை பார்ப்பது ஊருக்குச் செய்கிற துரோகம், உடனே விட்டுவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். காற்றை அளக்கிற அலுவலகத்தில் இருக்கிறாய், உனக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப்போவதில்லை. நீ எழுதியது தப்பு என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் சரியாகப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஏன் இவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்றுதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. துரோகம் என்ற வார்த்தையை அவர் யாரிடமும் வாங்கியதில்லை, மேலதிகாரியிடம்கூட. அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை, அதைக்கூடச் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். அதனால்தான் இங்கே என்ன நடந்தது என்று முழுசாக உனக்கு எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். படித்துவிட்டு அப்புறம் திட்டு.

பணத்துக்கு மதிப்பு போனதும், எண்ணெய்க் கப்பலும் எரிவாயுக் கப்பலும் துறைமுகத்துக்கு வெளியிலேயே நின்று திரும்பிப் போனதும் உனக்குத் தெரியும். உன் தம்பி வேலை பார்த்த வங்கியைப் பூட்டிவிட்டார்கள். வங்கி திறந்திருந்தபோது அவன் எங்களுக்கு ஒன்றையும் விளக்கியதில்லை, பூட்டிய பிறகு காலையில் பல் துலக்கும்போதே விளக்க ஆரம்பித்துவிடுகிறான். அந்நியச் செலாவணி என்கிறான், கையிருப்பு என்கிறான், நம்பிக்கை போய்விட்டது என்கிறான். அதெல்லாம் சரி, எரிவாயு வரிசையில் போய் நில் என்றால் முழங்கால் வலி என்கிறான். இந்த நிலைமையில்தான், இனிமேல் திறக்கவே மாட்டோம் என்று சத்தியம் செய்யாத குறையாக மூடிய நம் ஊர் நிலக்கரி மின் நிலையத்தைத் திறந்தார்கள். மூடச் சொல்லி நீ கல்லூரியில் படிக்கும்போது அட்டை பிடித்துக்கொண்டு நின்றாய், அப்பா உள்ளே பாய்லரில் நின்றார், நான் இரண்டு பேருக்கும் சாப்பாடு கட்டிக் கொடுத்தேன். மூடியபோது ஒருவர் முகத்தையும் திறந்தபோது இன்னொருவர் முகத்தையும் பார்த்தாகிவிட்டது, இரண்டு தடவையும் நடுவில் மாட்டிக்கொண்டது நான்தான். பழைய ஆட்களைத் தினக்கூலிக்குக் கூப்பிட்டார்கள். ஓய்வூதியம் நின்றுபோய் அவர் வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடந்துகொண்டிருந்த நேரம். கூப்பிட்ட அன்றைக்குச் சவரம் செய்துகொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவரைப் போலக் கிளம்பினார். நான் சிரித்தேன். பொய் சொல்வானேன், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டில் விளக்கு எரிந்தது, மாவு மில் ஓடியது, ஐஸ் கம்பெனி ஓடியது. புகைபோக்கியைப் பார்த்து ஊரே கையெடுத்துக் கும்பிடாத குறை.

மருத்துவமனைச் சலவைப் பகுதியில் என் பாடு என்ன என்று உனக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று துணி உலர்த்தும் இயந்திரங்களை நிறுத்திவிட்டார்கள். துவைக்கும் இயந்திரம் மட்டும் ஓடும், காய வைப்பது மொட்டை மாடியில், கொடி கட்டி. படுக்கை விரிப்பு, தலையணை உறை, அறுவைச் சிகிச்சைக்குப் போர்த்துகிற பச்சைத் துணி எல்லாம் ஈரத்தோடு மாடிப்படி ஏற வேண்டும். லிப்ட் கிடையாது. என்னோடு வேலை செய்பவளை நாங்கள் ரேடியோ என்று கூப்பிடுவோம், நீ பார்த்திருக்கிறாய், ஒரு நிமிடம் வாய் மூடாது, அவளே மாடி ஏறும்போது பேச்சை நிறுத்திவிடுகிறாள் என்றால் பார்த்துக்கொள். சரி, வெயில் நன்றாக அடிக்கிறது, இலவசமாகக் காய்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு கொடியில் போட்டுவிட்டுக் கீழே வருவோம். மதியம் எடுக்கப் போனால் விரிப்பு முழுக்க மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கிடக்கும். கையால் தட்டினால் போகாது, தேய்த்தால் பரவும், மறுபடி இயந்திரத்தில் போட வேண்டும். அதற்கு மறுபடி தண்ணீர், மறுபடி சோப்பு, மறுபடி மின்சாரம். எந்த மின்சாரத்துக்காக அந்த நிலக்கரியை எரிக்கிறார்களோ அந்த மின்சாரத்தில் பாதியை அந்தச் சாம்பலைத் துவைக்கவே நான் செலவு செய்துகொண்டிருந்தேன். இதை எந்தப் புத்தகத்தில் படித்தவன் கண்டுபிடித்தானோ தெரியவில்லை.

தலைமை நர்ஸ் கெட்டவள் இல்லை, ஆனால் அவளுக்கு மேலே இருப்பவர்கள் அவளைக் கடிக்கிறார்கள், அவள் வந்து எங்களைக் கடிக்கிறாள். பிரசவ வார்டில் ஒரு பெண்ணின் தலைமாட்டில் கறுப்பு விரிப்பு போட்டிருக்கிறீர்கள், கண் தெரியவில்லையா என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். கேட்டது அவள், விரிப்பை மாற்றியது நான், அங்கே கரியைக் கொட்டிக்கொண்டிருந்தது என் புருஷன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவருடைய சட்டை வாளியில் ஊறிக்கொண்டிருக்கும், அதையும் நான்தான் துவைக்க வேண்டும். ஒரு நாள் அந்தச் சட்டையை அப்படியே ஈரத்தோடு எடுத்து அவர் மடியில் போட்டேன். அவருக்கும் கோபம் வந்துவிட்டது, நானா கக்குகிறேன், புகைபோக்கி கக்குகிறது என்றார். சாம்பலைப் பிடிக்கிற இயந்திரம் கெட்டுக் கிடக்கிறதாம், அது கெட்டதோடுதான் ஓட்ட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவாம். உன் தம்பி உள்ளேயிருந்து, இதற்கெல்லாம் காரணம் அந்நியச் செலாவணி என்றான். வாளித் தண்ணீரை அவன் தலையில் ஊற்றாமல் விட்டேனே, அதற்கு எனக்கு ஏதாவது பட்டம் கொடுக்க வேண்டும்.

விட்டேனா. மறுநாள் வேலை முடிந்ததும் கறை படிந்த விரிப்பு ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மின் நிலையத்துக்கே போனேன். பொறியாளர் சின்ன வயதுக்காரர், கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது, மேசைமேல் பாதி சாப்பிட்ட ரொட்டி. விரிப்பை விரித்துக் காட்டினேன். அவர் என்னைத் துரத்தவில்லை, உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். சாம்பல் பிடிக்கும் இயந்திரத்தின் உள்ளே வரிசையாகத் தகடுகள் இருக்குமாம், மூடிக் கிடந்த காலத்தில் பாதிக்கு மேல் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டதாம். புதுத் தகடு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அவர்கள் முன்பணம் இல்லாமல் அனுப்ப மாட்டார்கள், இந்த நாட்டுப் பணத்தை அவர்கள் தொட மாட்டார்கள். உள்ளூர்ப் பட்டறையில் அடித்துப் பொருத்தலாம், ஆனால் அதற்கு நிலையத்தை முழுசாக நிறுத்தி, சூடு தணிய விட்டு, ஆட்கள் உள்ளே இறங்க வேண்டும். அப்படியானால் நிறுத்துங்கள் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னார். "நிறுத்தினா ஊரே இருட்டும்மா. முதல்ல கல் விழுறது என் ஜன்னல்ல. நிறுத்தச் சொல்லி உங்களத் தவிர ஒருத்தர்கூட இங்க வந்ததில்ல." விரிப்பை மடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

வெளிவாசலில் அப்பா காத்திருந்தார். பெண்டாட்டி அலுவலகம் வரைக்கும் வந்துவிட்டாள் என்று உள்ளே யாரோ சொல்லியிருக்கிறார்கள், காதெல்லாம் சிவந்திருந்தது. பாதி வழி வரைக்கும் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். அப்புறம் அவராகவே சொன்னார். பாய்லர் குழாய்களில் சாம்பல் படிந்துகொண்டே இருக்குமாம், தினமும் ஒரு தடவை நீராவியைப் பாய்ச்சி அதை ஊதித் தள்ள வேண்டுமாம், அந்த நேரத்தில்தான் கட்டிச் சாம்பலாக வெளியே வருமாம், மற்ற நேரமெல்லாம் மெல்லிய புகைதானாம். ஊதுகிறவர் அவர்தான், ஊதுகிற நேரம் காலை, நான் கொடியில் துணி போட்டு முடிக்கிற நேரம். அதைச் சாயங்காலத்துக்கு மாற்றிவிடுகிறேன், நீ துணியை எடுத்த பிறகு ஊதுகிறேன், பொறியாளரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். நீ ஒழுங்காகக் கேட்டாயா, சட்டையால் அல்லவா அடித்தாய் என்றார். சிரித்துவிட்டோம். இத்தனை நாளில் அன்றைக்குத்தான் இரண்டு பேரும் குரல் தணிந்து பேசினோம்.

விரிப்புகள் வெள்ளையாக வந்தன, மகளே. மடித்து அடுக்கும்போது கை கூசுகிற மாதிரி வெள்ளை. தலைமை நர்ஸ் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, நினைத்தால் செய்கிறீர்கள் பாருங்கள் என்றாள், போனால் போகிறது, பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். ரேடியோவிடம் ரகசியத்தைச் சொன்னேன். ரேடியோவிடம் சொன்னேன் என்றால் ஊருக்குச் சொன்னேன் என்று அர்த்தம், அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து, சீக்கிரம் வேலை முடிந்த ஒரு சாயங்காலம் சந்தைக்குப் போனேன். சாயங்காலச் சந்தை மின் நிலையத்துக்குக் கிழக்கே திறந்த வெளியில் கூடுகிறது, கூரை கிடையாது. காய்கறிகளின்மேல் சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள், மூடி வைத்த காய்கறியை யார் வாங்குவார்கள், கூட்டமே இல்லை. நாம் வழக்கமாக வாங்குகிற கீரைக்காரி ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டாக முக்கி எடுத்து உதறிக்கொண்டிருந்தாள். முக்கிய கீரை சீக்கிரம் அழுகிவிடும் என்று அவளுக்குத் தெரியும், வேறு வழியில்லை. அவள் இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண் குழந்தை கண்ணைக் கசக்கிக் கசக்கிச் சிவப்பாக்கி வைத்திருந்தது. என்ன ஆயிற்று என்று தெரியாதவள் மாதிரி கேட்டேன். அவள் தலை நிமிராமல் சொன்னாள். "காலையில விழுந்தவரைக்கும் எங்களுக்கு ஒண்ணுமில்லக்கா, கடையே கிடையாது. யாரோ பெரிய இடத்து அம்மா சொல்லி நேரத்த மாத்திட்டாங்களாம். அவங்க துணி அழுக்காகக் கூடாதாம்."

பெரிய இடத்து அம்மா. மாடிப்படி ஏறி ஏறி முழங்கால் வீங்கி, கையில் சோப்புப் புண்ணோடு நிற்கிறேன் நான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டு கட்டுக் கீரை வாங்கினேன், வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன் என்றே சொல்லலாம். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம், பழையபடி காலையிலேயே ஊதிவிடுங்கள், நான் இரண்டு தடவை துவைத்துக்கொள்கிறேன் என்றேன். அவ்வளவுதான், மனுஷன் வெடித்துவிட்டார். கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்றார். "காலையில ஊதினா உனக்கு அழுக்கு, சாயங்காலம் ஊதினா அவளுக்கு அழுக்கு. ஊதாம விட்டா குழாய் வெடிச்சு உள்ள நிக்கிறவன் வெந்து சாவான். எந்தப் பக்கம் ஊதட்டும், நீயே சொல்லு." நான் கத்தினேன், எனக்கு அது தெரியாது, என்னைக் கேட்காதீர்கள், நான் வெறும் துணி துவைக்கிறவள் என்று கத்தினேன். அவர் சொன்னது நியாயம் என்பதால்தான் அவ்வளவு சத்தம் போட்டேன். உனக்கும் அந்தப் பழக்கம் உண்டு, எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்துகொள். அந்தச் சமயம் பார்த்துத்தான் உன் செய்தியும் வந்து சேர்ந்தது. துரோகம் என்று. அவர் நிலைமையை நினைத்துப் பார்.

மறுநாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சந்தைக்குப் போய் அந்தப் பெரிய இடத்து அம்மா நான்தான், ஊதுகிறவர் என் வீட்டுக்காரர் என்று கீரைக்காரியிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினாலும் பரவாயில்லை என்றுதான் போனேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள், நேற்று வாங்கின கீரையைச் சமைத்தீர்களா தூக்கிப் போட்டீர்களா என்று மட்டும் கேட்டாள். சமைத்தேன் என்றேன். நறநறவென்று இருந்திருக்குமே என்றாள். இருந்தது என்றேன். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அவள் அதோடு விடவில்லை, கடையைப் பக்கத்துக் கிழங்குக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு என் பின்னாலேயே நம் வீட்டுக்கு வந்தாள். அப்பா அப்போதுதான் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். அவள் நின்றபடியே கேட்டாள், "அண்ணே, காலையா சாயங்காலமான்னு கேக்க வரல. விழாம இருக்க வழி இருக்கா இல்லையா?" அப்பா குழந்தையின் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இருக்கிறது என்றார். நிறுத்த வேண்டும், தகடு அடிக்க வேண்டும், பட்டறைக்காரனுக்கு அடிக்கத் தெரியும், பொறியாளருக்குப் பொருத்தத் தெரியும், நிறுத்தச் சொல்லத்தான் ஆள் இல்லை என்றார். உன் தம்பி சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஏதோ விளக்கப்போகிறான் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். போனவன் சைக்கிளில் தெருத்தெருவாக, வரும் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் மின் நிலையம் பற்றிப் பேச எல்லோரும் வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தான். முழங்கால் வலி எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. நல்லது நடக்கும்போது வாயை வைக்கக் கூடாது.

கூட்டத்தைப் பற்றி என்ன எழுத. நூறு பேர் வந்தால் நூறு கவலை. பொறியாளர் வந்தார், ஒளிக்காமல் சொன்னார், அணைக்கட்டிலிருந்து வருகிற கொஞ்ச மின்சாரம் மருத்துவமனைக்கும் குடிநீர் நிலையத்துக்கும்தான் போதும், வீடுகளுக்கும் கடைகளுக்கும் வேலை முடியும்வரை ஒன்றும் கிடையாது என்றார். ஐஸ் கம்பெனிக்காரர் எழுந்து, மீன் எல்லாம் நாறிப்போனால் யார் பொறுப்பு என்றார். மாவு மில்காரர், வெல்டிங் கடைக்காரர், தையல் யூனிட்டில் வேலை பார்க்கும் பெண்கள், ஒவ்வொருவர் சொன்னதும் நியாயம்தான். கொஞ்சம் சாம்பல் விழுந்தால் துடைத்துக்கொள்ளலாம், சோறு போனால் துடைக்க முடியுமா என்று ஒருவர் கேட்டார், கை தட்டினார்கள். கீரைக்காரி எழுந்து பேச ஆரம்பித்தாள், சத்தத்தில் அவள் குரல் யாருக்கும் கேட்கவில்லை. நான் எழுந்தேன். மருத்துவமனைத் துணியை நாங்கள் கையால் துவைத்துக்கொள்கிறோம், எங்களுக்காக இயந்திரம் ஓட வேண்டாம் என்று ஒரு வாக்கியம் சொன்னேன், பக்கத்தில் ரேடியோ என்னை நறுக்கென்று கிள்ளினாள், அவளைக் கேட்காமல் சொல்லிவிட்டேன் அல்லவா. யாரும் கை தட்டவில்லை. பொறியாளர் காகிதங்களை எடுத்து வைக்க ஆரம்பித்தார். கூட்டம் கலைகிற மாதிரிதான் இருந்தது.

அப்போது உன் அப்பா எழுந்து நின்றார். அவர் நாலு பேர் நடுவில் பேசி நான் பார்த்ததில்லை, கல்யாணத்தில்கூடத் தலையைத்தான் ஆட்டினார். முதலில் என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார், திரும்பப் பைக்குள் வைத்தார். பிறகு சொன்னார். "அத ஊதுறவன் நான்தான். காலையில ஒருத்தர் மேல ஊதினேன், சாயங்காலம் இன்னொருத்தர் மேல ஊதினேன். அடுத்து யார் மேலன்னு நீங்க சொல்லுங்க, ஊதுறேன். சொல்ல முடியலன்னா நிறுத்துங்க. நிறுத்தினா எனக்குக் கூலி இல்ல, என்னை மறுபடி கூப்பிடுவாங்களாங்கிறதும் தெரியாது. இருந்தாலும் நிறுத்துங்க." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் ஐஸ் கம்பெனிக்காரர்தான், எரிச்சலோடு, எத்தனை நாள் என்று பொறியாளரைக் கேட்டார். எத்தனை நாள் என்று கேட்டுவிட்டாலே பாதி சம்மதம்தான். அதற்குப் பிறகும் பொழுது சாயும்வரை வாதம் நடந்தது, யாருக்கும் முழு மனசு இல்லை, ஆனால் நிறுத்துவது என்று முடிவாயிற்று.

இப்போது நிறுத்தியிருக்கிறார்கள். ஊர் இருட்டாகத்தான் இருக்கிறது. யாரும் நம்மைப் பாராட்டவில்லை, அதை எதிர்பார்த்து நீ படிக்காதே. மீன் வீணாகப் போயிற்று, ஐஸ் கம்பெனிக்காரர் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் நடக்கிறார். பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளிச்சம் போகும்வரை படிக்கிறாள், அவள் அம்மா நான் கேட்கிற மாதிரி பெருமூச்சு விடுகிறாள். பட்டறையில் தகடு அடிக்கும் சத்தம் தெருக்கோடி வரை கேட்கிறது, இரும்பு போதவில்லை என்று பழைய பேருந்தின் பக்கத்தகட்டை வெட்டி அடிக்கிறார்களாம். அது பொருந்துமா, எத்தனை மாதம் தாங்கும் என்று பொறியாளருக்கே தெரியாது, பொருந்தாவிட்டால் இவ்வளவும் வீண், முதல் ஆளாக நம் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். பொருந்தினாலும் நிலக்கரிப் புகை புகைதான், கண்ணுக்குத் தெரிகிற சாம்பல் நின்றாலும் தெரியாதது வரத்தான் செய்யும், அதையும் நீ எழுதுவாய், எழுதாமல் இருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். தெரிந்தே சொல்கிறேன், இப்போதைக்கு எங்களால் முடிந்தது இவ்வளவுதான். காற்றாடி வைத்து மின்சாரம் எடுக்கலாம், வெயிலில் எடுக்கலாம் என்று கைபேசியில் சொல்வாயே, அதைக் கொண்டுவர வேண்டியவர்கள் பணம் நன்றாக இருந்த காலத்தில் கொண்டுவந்திருக்க வேண்டும். நன்றாக இருந்தபோது இப்போது எதற்கு என்றார்கள், கெட்டுப்போன பிறகு இப்போது எப்படி என்கிறார்கள். இதைத்தான் யாரிடம் போய்க் கத்துவது என்று தெரியாமல் உன்னிடம் கத்துகிறேன்.

நான் கொடுத்த வாக்கு இருக்கிறதே, மருத்துவமனைத் துணியைக் கையால் துவைக்கிறோம். ரேடியோ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, ஊரே அமைதியாகிவிட்டது போலிருந்தது. தேய்த்துவிடலாம், அலசிவிடலாம், அந்தப் பெரிய விரிப்பைப் பிழிவதுதான் உயிர் போகிறது. முதல் நாள் நாங்கள் இரண்டு பேரும் பிழிய முடியாமல் சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் நின்றபோது, கீழே அப்பா கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு நிற்கிறார். யாரும் கூப்பிடவில்லை. தலைமை நர்ஸிடம், வீட்டில் சும்மாதான் இருக்கிறேன் என்று சொல்லி அனுமதி வாங்கியிருக்கிறார். அன்றிலிருந்து தினமும் வருகிறார். விரிப்பின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். நான் வலப்பக்கம் முறுக்கினால் அவர் இடப்பக்கம் முறுக்குகிறார், துணி சும்மா சுற்றுகிறது, எதிரெதிரே நின்றால் இரண்டு பேரும் அவரவர் வலப்பக்கம் முறுக்க வேண்டும் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவர் மண்டையில் ஏறவில்லை, இத்தனை வருஷம் பாய்லர் வால்வு திருகிய கை, அது தன் பக்கம்தான் திருகுவேன் என்கிறது. நான் கத்துகிறேன், அவர் கத்துகிறார், ரேடியோ சிரிக்கிறாள், நேற்று பிரசவ வார்டு ஜன்னலிலிருந்து புதுக் குழந்தையோடு ஒரு பெண் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். நேற்றுத்தான் முதல் தடவையாக ஒரு விரிப்பை ஒழுங்காகப் பிழிந்தோம், தண்ணீர் அப்படி ஒரு கொட்டு கொட்டியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே, இதையும் மகளுக்கு எழுது என்றார். எழுதிவிட்டேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, பணம் அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே, இங்கே வந்து சேர்வதற்குள் அது கரைந்துவிடுகிறது, உன்னிடமே இருக்கட்டும். சண்டை போட வேண்டும் என்று தோன்றினால் என்னோடு போடு, நான் திருப்பிப் போடுவேன், அவருக்குத் திருப்பிப் போடத் தெரியாது. அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, வேலையைப் பற்றி வேண்டாம், எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் எழுது. கண்ணாடிக் கடைக்காரர் அங்கே பத்து நாள் இருப்பார், திரும்பி வரும்போது அவரிடமே கொடுத்தனுப்பு, மறக்காதே. நீ எங்கே இருந்தாலும் உன் மூச்சு சுகமாக இருக்க வேண்டும், நினைத்தது கைகூட வேண்டும், நல்லவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கை ஈரத்தோடும் உன் நினைப்போடும்,
உன் அம்மா